பதில் வரும்வரை உட்கார்ந்திருப்பவன்

கீழே வருவது அத்தனையும் உண்மை. இரண்டு கண்கள் மேலும் சத்தியம். ஒரு கண்ணில் புரை விழுந்திருப்பதால், அதற்கு ஈடாக மற்றக் கண்ணின் மேல் இன்னொரு தடவையும் சத்தியம். இதற்கு மேலும் சந்தேகப்படுகிறவர்கள் நேரே நிலாக்காரர் வீட்டுக்குப் போய் விசாரித்துக்கொள்ளலாம். மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யாது. அதுவும் உண்மை.

நிலாக்காரர் பாட்டெழுதுகிறவர். அவர் எழுதும் எந்தப் பாட்டிலும் ஏதாவது ஓரிடத்தில் நிலா வந்துவிடும் என்பதால் அந்தப் பெயர். உச்சி வெயிலில் நடக்கிற பாட்டு என்று சொல்லிக் கொடுத்தால், பகலில் வந்த நிலா என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடிப்பார். நிலாவுக்கு அடுத்தபடியாக அவருக்குக் கைகொடுத்தது இடுப்பு. அவர் பாட்டில் வருகிற பெண்ணின் இடுப்பு முதலில் கொடியளவு இருந்தது. பிறகு நூலளவு ஆனது. அவர் உச்சத்தில் இருந்த காலத்தில் அதுவும் தேய்ந்துபோய், மேல்பாதி தனியாகவும் கீழ்ப்பாதி தனியாகவும் நடுவில் வெறும் காற்றுமாக அந்தப் பெண் நடந்துகொண்டிருந்தாள். ஒருவரும் குறை சொல்லவில்லை. அவளுக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சமும் உண்டு.

அவள் பேசமாட்டாள். அதிகம் போனால் 'போ' என்பாள். அப்படிச் சொன்னால் 'வா' என்று அர்த்தம் என்பதை நிலாக்காரர் பல்லவியிலேயே விளக்கிவிடுவார். ஊரிலிருந்த வாலிபர்கள் அதைப் பாடமாகவே எடுத்துக்கொண்டு பெண்கள் பின்னால் நடந்தார்கள். ஒருவன் ஒரு பெண்ணுக்காக பஸ் நிறுத்தத்தில் நிற்க ஆரம்பித்தான். அவள் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், வேறொருவனைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி அதே பஸ்ஸில் ஏறி இறங்கும்வரை நின்றான். எந்த பஸ் எப்போது வரும் என்று அவனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாமல் போனதால், பஸ் கம்பெனி அவனையே டைம் கீப்பராக எடுத்துக்கொண்டது. ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தார்கள். அந்தக் கூட்டத்தில் நிலாக்காரரும் பேசினார்.

பாட்டுத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இசையமைப்பாளர் முதலில் மெட்டைப் போட்டு 'லாலலா' என்று பாடி அனுப்பிவிடுவார். வெறும் லாலலாவை வைத்துக்கொண்டு எழுத வராது. அதனால் வாயில் வருகிற சொற்களை மெட்டின் மேல் போட்டுப் பாடிப் பார்ப்பார்கள். இதற்கு டம்மி என்று பெயர். தையற்காரர் துணியை வெட்டுமுன் பழைய செய்தித்தாளை வெட்டிப் பார்ப்பதுபோலத்தான். அளவு சரியா என்று பார்த்துக்கொண்டதும் தாள் குப்பைக்குப் போய்விடும். அதில் என்ன செய்தி அச்சாகியிருந்தது என்று யாரும் படிப்பதில்லை.

நிலாக்காரருக்கு இதில் ஒரு சங்கடம் இருந்தது. அவர் காதில் எந்த மெட்டும் நிற்காது. வாசல் மணிக்கும் விசில் விடும் குக்கருக்கும் வித்தியாசம் தெரியாமல் அடுப்பை நோக்கி "யாருங்க?" என்று கேட்டவர் அவர். ஆகவே டம்மி பாடுவது மனைவியின் பொறுப்பு. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, அப்போது மனதில் இருப்பதை மெட்டில் வைத்துப் பாடுவாள். இவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விரல்விட்டு அசை எண்ணுவார்.

"சோப்பு தீர்ந்து போச்சு, சொன்னா கேக்குறீங்களா" என்று அவள் பாடினாள்.

"நிலவு தேய்ந்து போச்சு, நெஞ்சே கேட்கின்றாயா" என்று அவர் எழுதினார்.

நாடே அந்தப் பாட்டைப் பாடியது. சோப்பை மட்டும் கடைசிவரை அவளேதான் போய் வாங்கி வந்தாள்.

காலம் சும்மா இருக்குமா? நிலாக்காரரைத் தேடி வருகிற மெட்டுகள் குறைந்தன, பிறகு நின்றே போயின. நெடுநாள் கழித்து ஒரு வாலிப இசையமைப்பாளர் அழைத்தார். தூங்கும்போதுகூட காதிலிருந்து ஹெட்ஃபோனை எடுக்காதவர் என்பதால் அவருக்கு ஹெட்ஃபோன் தம்பி என்று பெயர். ஒரு பெண் தன் காதலைப் பாடுகிற பாட்டு வேண்டும் என்றார். நிலாக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். மனைவி குழாயைத் திறந்தாள், பாடினாள். இவர் எண்ணினார், எழுதினார். சொற்கள் மெட்டில் எப்படி உட்காருகின்றன என்று தெரிவதற்காக, எழுதிய பாட்டோடு டம்மிப் பாடலின் ஒலிப்பதிவையும் மனைவியே கைப்பேசியில் அனுப்பிவைத்தாள்.

சில நாளில் பதில் வந்தது. "சார், இந்தத் தடவை நீங்க எழுதினதை எடுத்துக்கல. தப்பா நினைச்சுக்காதீங்க."

நிலாக்காரர் தப்பாகத்தான் நினைத்துக்கொண்டார். ஆனால் அதற்கு உடனே பெரிதாக எதுவும் செய்யவில்லை. பொறாமை என்பது அதற்குப் பிறகு, ஒரு மத்தியான வேளையில், சமையலறைக்குள்ளிருந்து வந்தது.

அப்போது ஊரெங்கும் ஒரு புதுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவர் பெயர் போடாமல் வந்த பாட்டு. ஒரு பெண் தன் ஆளைப் பற்றிப் பாடுகிறாள்.

வர்றேன்னு சொன்னா வந்துடுறான்
வேணாம்னு சொன்னா நின்னுடுறான்
என்னாச்சுன்னு ஒண்ணு கேட்டுப்புட்டு
பதிலு வரைக்கும் உக்காந்துடுறான்

பல்லவி இவ்வளவுதான். நிலா இல்லை, மச்சம் இல்லை. பாடுகிறவளுக்கு இடுப்பு இருந்ததா என்பதற்கே பாட்டில் சான்று கிடையாது. ஆனால் இந்தப் பாட்டு வந்த பிறகு ஊர் ஊராக இல்லை. பஸ்ஸில் ஏறுகிற ஆண்கள் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் "உக்காரலாமா?" என்று கேட்டுவிட்டு பதிலுக்காக நின்றார்கள். பதில் வர நேரமானதால் பஸ்கள் எல்லாம் தாமதமாகி, டைம் கீப்பர் பதவியையே எடுத்துவிட்டார்கள். ஒரு வங்கியில் காவலாளி கொள்ளைக்காரனைப் பார்த்து "என்னாச்சு?" என்று கேட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். கொள்ளைக்காரன் தன் அம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, வங்கி மூடும் நேரம்வரை அழுதுவிட்டு வெறுங்கையோடு போனான். சந்தேகம் இருந்தால் அந்த வங்கியில் கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் மறுப்பார்கள். மறுக்கத்தானே செய்வார்கள்.

இந்தப் பாட்டைத்தான் மனைவி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், கண்ணாடித் தம்ளர்களைத் துணியால் துடைத்தபடி. நிலாக்காரருக்கு மெட்டு பிடிபடாது என்றாலும் சொற்கள் நன்றாகக் கேட்டன. 'உக்காந்துடுறான்' என்ற இடத்தில் அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. தம்ளரைக்கூட அந்த இடத்தில் மெதுவாகத்தான் வைத்தாள்.

அவர் எழுதிய பாட்டு எதையும் அவள் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

இது அவருக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. வயிற்றெரிச்சல் என்பதை அதுவரை பிறருக்கு வருகிற ஒன்றாகவே நினைத்திருந்தார். மருந்துக்கடைக்குப் போய் அதற்கு மாத்திரை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். கேட்கவில்லை.

"அந்தப் பாட்டு உனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கோ?" என்று பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டார்.

"கேக்க நல்லா இருக்கு."

"அதுல என்ன இருக்கு? ஒருத்தன் வர்றான், உக்கார்றான். இதுக்கு ஒரு பாட்டா? நாற்காலிக்கடை விளம்பரம் மாதிரி இருக்கு."

"உக்கார்றது லேசுன்னு நினைச்சீங்களா?" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த தம்ளரை எடுத்தாள்.

அந்தப் பதிலில் நிலாக்காரருக்குக் கதை முழுவதும் விளங்கிவிட்டது. அப்படி ஒருத்தன் இருக்கிறான். அவனை அவளுக்குத் தெரியும். எவனோ பாட்டெழுதுகிறவன் அவனைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டான். பாட்டு ஓடுகிற ஒவ்வொரு முறையும் அவன் அவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறான்.

முதலில் போட்டிக்கு நின்று பார்த்தார். சமையலறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, குரலை மென்மையாக்கி, "என்னாச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகலையே. ஏன், உங்களுக்கு என்னாச்சு?"

"இல்ல, நீ சொல்லு. நான் உக்காந்திருக்கேன்."

"தரை துடைக்கணும், எந்திரிங்க."

எழுந்துகொண்டார். போட்டி அத்தோடு முடிந்தது. அடுத்து ஆளைத் தேட ஆரம்பித்தார். மனைவி போகிற இடங்கள் சொற்பம். தெருக்கோடியில் பல் டாக்டர். அவர் "என்னாச்சு?" என்று கேட்கிறவர்தான், ஆனால் கேட்கும்போதே வாய்க்குள் மூன்று ஆயுதங்களை வைத்துவிடுவதால் பதிலுக்கு வழியில்லை. கீழ்த்தளத்துத் தையற்காரர் நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறவர், ஆனால் யாரையும் எதுவும் கேட்பதில்லை. தபால்காரர் எல்லோரையும் கேட்பார், உட்காரமாட்டார். நிலாக்காரர் நன்றாக யோசித்து, மூன்று பேரும் சேர்ந்துதான் அந்த ஒருவன் என்ற முடிவுக்கு வந்தார். மூன்று பேரோடும் பேச்சை நிறுத்தினார். அதனால் ஒரு பல் கெட்டது, கால்சட்டை ஒன்று கிழிந்தபடியே கிடந்தது, தபாலை அவர் மாடிப்படியில் பொறுக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

பொறாமைக்கும் ஓர் எல்லை வேண்டும். பாட்டை எழுதியவனைப் பிடித்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும் என்று அவர் அந்தப் பாட்டு பதிவான ஒலிப்பதிவுக் கூடத்துக்கே கிளம்பினார். அங்கே ஒலிப்பதிவாளராக இருந்தது அவருடைய மச்சினன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

"வாங்க அத்தான். என்ன, நிலாவைக் காணோம்னு தேடி வந்தீங்களா?" என்றான் மச்சினன், விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல்.

"வாயை மூடு. அந்த உக்கார்ற பாட்டை எழுதினவன் யாரு?"

மச்சினன் பக்கத்திலிருந்த ஹெட்ஃபோன் தம்பியைப் பார்த்தான். ஹெட்ஃபோன் தம்பி கூரையைப் பார்த்தார். கூரையில் பஞ்சு ஒட்டியிருந்தது, வேறு விசேஷமில்லை.

"பேரு போட வேணாம்னு சொல்லிட்டாங்க சார்."

"எவன் சொன்னான்?"

"அவங்க." ஹெட்ஃபோன் தம்பி வாழ்க்கையில் முதல்முறையாக ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். காதுகள் வெளுத்திருந்தன. "சார், என் மேல கோபப்படக்கூடாது. உங்க வீட்டிலேருந்து ரெண்டு வந்துச்சு. எழுத்துல ஒண்ணு, குரல்ல ஒண்ணு. எழுத்துல பாத்தா நிலா, கொடி, நூலிடை, மச்சம்னு இருந்துச்சு. நான் அதுதான் டம்மின்னு நினைச்சுட்டேன்."

"என்னது?"

"அளவு பாக்குறதுக்காக வாயில வந்ததைப் போட்டிருக்கீங்கன்னு நினைச்சேன் சார். இந்தக் காலத்துல யாரு நிஜமாவே அப்படி எழுதுறாங்க?"

மச்சினன் இருமுவதற்காகத் திரும்பிக்கொண்டான். நெடுநேரம் இருமினான்.

"குரல்ல இருந்ததுதான் பாட்டுன்னு மெட்டுல உக்கார வெச்சு, சந்தேகத்துக்கு ஒரு தடவை உங்க நம்பருக்கு போன் பண்ணினேன். உங்க வீட்டு அம்மாதான் எடுத்தாங்க. எழுத்துல இருக்கிறது டம்மி, குரல்ல இருக்கிறது பாட்டு, அப்படித்தானேன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் தண்ணி ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் ஆமான்னாங்க."

நிலாக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி அங்கே இல்லை. மச்சினன் பிடித்து நிறுத்தி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மூல ஒலிப்பதிவை ஓடவிட்டான்.

குழாய்த் தண்ணீர் சத்தம் வந்தது. தட்டோடு தட்டு உரசியது. அதன்மேல் அவர் மனைவியின் குரல், யாரையும் எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல, வர்றேன்னு சொன்னா வந்துடுறான் என்று பாடியது. ஒவ்வொரு அடியின் முடிவிலும் இன்னொரு குரல் கிட்டத்தில் கேட்டது. "உம். சரி. ஒண்ணு, ரெண்டு, மூணு... அடுத்தது." நனைந்த குடையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு அவன் உள்ளே வருகிறான் என்று அவள் பாடுகிறாள். "அசை சரியா இருக்கு, மேல போ" என்கிறது அந்தக் குரல். பதில் வரும்வரை உட்கார்ந்திருக்கிறான் என்று அவள் பாடி முடிக்கிறாள். "முடிஞ்சுதா? தேநீர் போடு" என்கிறது.

அது தன் குரல் என்று புரிய நிலாக்காரருக்குச் சிறிது நேரம் பிடித்தது. அவர் காது அப்படி.

"அக்கா நல்லாப் பாடுது இல்ல அத்தான்?" என்றான் மச்சினன். இப்போது அவன் இருமவில்லை.

வேறு யாராவதாக இருந்தால் இந்த இடத்தில் பொறாமை அடங்கியிருக்கும். நிலாக்காரருக்கு இரட்டிப்பானது. இதுவரை எவனோ ஒருத்தன் அந்த ஆளைப் பார்த்து எழுதியிருந்தான். இப்போது அவளே பார்த்து எழுதியிருக்கிறாள், இவர் எதிரிலேயே. மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறி, கதவைத் திறந்து, மூச்சு வாங்கும் முன்பே கேட்டார்.

"யார் அவன்?"

மனைவி உடை மடித்துக்கொண்டிருந்தாள். "எவன்?"

"பாட்டுல உக்காந்திருக்கானே, அவன். எல்லாம் கேட்டுட்டுத்தான் வர்றேன்."

அவள் மடிப்பை நிறுத்தவில்லை. "அப்படி ஒருத்தன் இல்லைங்க."

"இல்லாதவனையா அவ்வளவு நுணுக்கமா எழுதினே? குடையைக்கூட வெளியில வைக்கிறான். ஈரம் ஆகக்கூடாதுன்னு நினைக்கிறான். இதெல்லாம் பாக்காம எழுத வராது. நான் எத்தனை வருஷமா எழுதறேன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப உங்க பாட்டுல இருக்காளே, இடது கன்னத்துல மச்சத்தோட, அவளை எங்க பாத்தீங்க?"

நிலாக்காரர் தன் இடது கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு மச்சமே கிடையாது" என்றாள் அவள். "கல்யாணமான புதுசுல கடைத்தெருவுல போனா எல்லாப் பொம்பளைங்களோட இடது கன்னத்தையும் பாத்துக்கிட்டே போவேன். முட்டை விக்கிறவளுக்கு அங்க மச்சம் இருந்துச்சு. காரணமே சொல்லாம அவகிட்ட சண்டை போட்டுட்டு வந்துட்டேன். இன்னி வரைக்கும் எனக்கு விரிசல் விட்ட முட்டைதான் தர்றா."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே. பாத்திரம் கழுவும்போது மெட்டுல வெச்சுக் கேட்டேன், யாரு அவள்னு."

"நான் என்ன சொன்னேன்?"

"ரெண்டு அசை கூடுது, குறைச்சுக் கேளுன்னீங்க."

 நிலாக்காரர் மடித்து வைத்த உடைகளைப் பார்த்தார். மேலே இருந்தது அவருடைய கிழிந்த கால்சட்டை, தைத்திருந்தது. இவர் பேச்சை நிறுத்திய தையற்காரரிடம் அவள்தான் கொண்டுபோயிருக்க வேண்டும்.

"அப்படி ஒருத்தி இல்லவே இல்ல" என்றார். "எழுத வந்துச்சு, எழுதினேன். எல்லாரும் அப்படித்தான் எழுதினாங்க."

"எனக்கும் இப்ப தெரியும். எழுதிப் பாத்த பிறகுதான் தெரிஞ்சுது, இல்லாத ஆளை எழுதுறது எவ்வளவு சுலபம்னு. மனசுக்கு எது வேணுமோ அதைக் குடுத்துக்கிட்டே போலாம், எதிர்த்துப் பேசமாட்டாங்க."

"நிஜமா ஒருத்தன் இருந்திருந்தாக்கூடப் பரவாயில்ல" என்றார் நிலாக்காரர் உண்மையான வருத்தத்தோடு. "மூக்கைப் பாத்து ஒரு குத்து விடலாம். வழுக்கை, தொப்பைன்னு ஏதாவது குறை கண்டுபிடிக்கலாம். இவனை நான் என்ன பண்றது? இவன் கிட்ட குறையே இல்லையே."

"எனக்கும் அப்படித்தாங்க இருந்துச்சு. இடுப்பே இல்லாதவளை நான் எந்த இடுப்பை வெச்சு ஜெயிக்கிறது?"

 நாலு பேர் நடமாடும் வீடு போல அந்த அறை நெருக்கமாக இருந்தது.

மறுநாளே ஹெட்ஃபோன் தம்பியிடமிருந்து அடுத்த மெட்டு வந்தது. நேராக மனைவியின் பெயருக்கே வந்தது, அம்மா என்று விளித்து. அவள் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தாள்.

"என்னங்க, அந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் கழுவிடுங்க. அப்படியே டம்மி பாடுங்க. நான் எழுதறேன்."

"எனக்கு மெட்டு நிக்காதே."

"தெரியும். அளவு மட்டும் வந்தா போதும்."

நிலாக்காரர் குழாயைத் திறந்தார். வாயில் வந்ததைப் பாட வேண்டும், அதுதானே வழக்கம். அவர் வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான். "அவன் உயரம் என்ன, என்னை விட ஜாஸ்தியா" என்று பாடினார். எந்த மெட்டுக்கும் சேராத மெட்டில் பாடினார். பக்கத்து வீட்டில் யாரோ "வாசல்ல யாருன்னு பாரு" என்றார்கள்.

மனைவி விரல்விட்டு எண்ணினாள். "உம். சரி. அடுத்தது."

"அவனுக்கு வயசு என்ன, அவன் பல்லு எல்லாம் சொந்தமா."

"நல்லா வருது. மேல போங்க."

அவள் எழுதுகிற சத்தம் கேட்டது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பாமல், அவர் மெதுவாகக் கேட்டார்.

"இந்தப் பாட்டுலயும் அவன் வர்றானா?"

"வர்றான்."

"அதே ஆளா?"

"அதே ஆள்தான். இப்ப கொஞ்சம் வழுக்கை விழுந்திருக்கு."

நிலாக்காரரின் கை சோப்பு நுரையோடு தன் தலைக்குப் போனது. மனசு ஒரு நொடி பொங்கியது. அடுத்த நொடியே, ஊரில் வழுக்கைக்கா பஞ்சம் என்று தோன்றிவிட்டது. முன் வழுக்கையா, உச்சி வழுக்கையா என்று கேட்டார். அசை கூடுகிறது, குறைத்துக் கேளுங்கள் என்றாள் அவள்.

விட்டுப்போன தகவல் ஒன்று: நிலாக்காரர் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. மூன்றாவது மாடியில் இருப்பது அவர் ஒருவர்தான்; பாத்திரம் கழுவுகிறவளும் அவர் எழுதியவள்தான்.